மூன்றாவது கம்பி

பியானோவுக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது. ஜன்னலைத் திறந்தால் ஒரு குறை, மூடினால் ஒரு குறை. இந்த விஷயத்தில் அது என் மாமியாரைப் போலத்தான். இரண்டு பேருடனும் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் என்ற வகையில் என்னைப் பொறுமைசாலி என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நினைக்கிறேன்.

வாயால் சொன்னால் வழுக்கும், எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி ஒரு கத்தைத் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கம்பெனி அனுப்பும் விசாரணை அதிகாரி இவ்வளவு மரியாதையான பெண்மணியாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். கையெழுத்து கொஞ்சம் கோழி கிளறியதுபோல இருக்கும். மன்னிக்கவும்.

நான் பியானோ டியூனர். இசை அரங்கத்தின் மேடையில் நிற்கும் பெரிய பியானோவுக்கு முப்பத்தோரு வருஷமாகச் சுருதி சேர்த்துவந்தேன். உங்களுக்குப் புரிவதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பியானோவில் இருப்பது எண்பத்தெட்டுக் கட்டைகள்தான். ஆனால் கம்பிகள் இருநூற்றுச் சொச்சம். அடித்தொண்டைக் கட்டைகளை விட்டுவிட்டால், மற்ற ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே மூன்று மூன்று கம்பிகள். ஒரே சுத்தியல் மூன்றையும் சேர்த்துத் தட்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஒரே குரலாகக் கேட்கும். ஒன்று மட்டும் மயிரிழை இறங்கினாலும் அந்தக் குரல் லேசாக அலையும், வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று அலைவதுபோல. அலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்கு ஒரு திருப்புச் சாவி, சில ரப்பர் ஆப்புகள், இரண்டு காது. அவ்வளவுதான் என் மூலதனம்.

என் மனைவி அந்த வீட்டில் மூத்த பெண். அவளை நான் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் கழித்து இளையவளுக்குக் கல்யாணமானது. அந்த ஆறு வருஷமும் அந்த வீட்டில் ஒலி என்றால் நான்தான். மிக்ஸி கத்தினால் என்னைக் கூப்பிடுவார்கள். குழாய் விசில் அடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மாமனார் வாங்கிய ரேடியோ நல்லதா கெட்டதா என்று நான் தலையாட்டிய பிறகுதான் பெட்டியைத் தூக்கிப் போடுவார்கள். அப்புறம் என் சகலை வந்தார்.

முதல் தடவை எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் கை தவறி ஒரு மூடியைக் கீழே போட்டுவிட்டார். சகலை தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஜி ஷார்ப்," என்றார். "கொஞ்சம் மேல நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவும் சாக்கில் உள்ளே போய், பையிலிருந்த சுருதிக் கவையைத் தட்டி, அந்த மூடியை விரலால் சுண்டிப் பார்த்தேன். அந்த ஸ்வரம் ஜி ஷார்ப்தான். கொஞ்சம் மேலேதான் நின்றது.

அன்றிலிருந்து மாமியார் வாயில் அவர் 'தங்கக் காது'. எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'திருகாணி'. பொறாமை என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். திருகாணி இல்லாமல் எந்த நகையும் காதில் நிற்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சகலைக்கு வேலை உங்கள் கம்பெனியில். கம்ப்யூட்டர் பியானோ செய்கிறவர்களில் அவர்தான் முக்கியமான ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நிஜப் பியானோவை ஒலிப்பதிவு செய்து, கட்டையை அழுத்தும்போது அதைப் போட்டுக் காட்டுவார்கள். இவர் அப்படியில்லை. கம்பியின் நீளம், தடிமன், சுத்தியலின் கம்பளி எவ்வளவு அமுங்குகிறது, மரப்பலகை எப்படி நடுங்குகிறது என்று எல்லாவற்றையும் கணக்காக எழுதிவிடுவார். கட்டையை அழுத்தும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டரே புதிதாக ஒலியைப் பிறப்பிக்கும். நல்ல யோசனைதான். நான் அப்போதே பாராட்டினேன். ஒரே ஒரு குறை, அது ரொம்பச் சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

அந்தக் குறையைப் போக்க ஒரு நிஜப் பியானோவை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும் என்று முடிவானது. எங்கள் அரங்கத்துப் பியானோவைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மாதம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். காலை ஏழு மணிக்கு நான் சுருதி சேர்த்துவைப்பேன். ஒன்பது மணிக்கு அவர் மைக்குகளோடு வருவார். ஒவ்வொரு கட்டையாகக் காதால் கேட்டுவிட்டு, பிறகு அளப்பார். பத்தரைக்கு டீ. பதினொன்றுக்கு மறுபடி ஒரு சுற்று.

"அண்ணா, உங்க பியானோவுக்குச் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும். என்னோடது குத்துக்கல்லு மாதிரி இருக்கும்," என்பார்.

"குத்துக்கல்லை யாரு தம்பி காசு குடுத்துக் கேப்பாங்க?" என்பேன்.

இப்படித்தான் இருந்தோம். பார்க்கிறவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். இரண்டு மாதம் எந்த வம்பும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. என் முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சு வந்தது. பியானோவுக்கு முன்னால் மணிக்கணக்கில் குனிந்து நிற்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும். சகலை என் தோளில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணா. எங்க பியானோ வந்துட்டா ஒரு பட்டன், எல்லாக் கம்பியும் சேந்துடும். நீங்க காலை நீட்டிட்டு டிவி பாக்கலாம்."

"திருகாணிக்கு ரிட்டயர்மெண்ட்," என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு சின்னச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அது செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்பு.

செவ்வாய்க்கிழமை எல்லாக் கம்பிகளையும் ஒழுங்காகச் சேர்த்தேன். கடைசியில், நடுவில் ஒரு கட்டைக்கு, மூன்றாவது கம்பியை மட்டும் மயிரிழை இறக்கினேன். திருப்புச் சாவியை நான் திருப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சாய்ந்தேன், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு சகலை அந்தக் கட்டையை அழுத்தினார். நின்றார். மறுபடி அழுத்தினார்.

"அண்ணா, இது அலையுதே."

நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நியாயமான அளவு நேரம் எடுத்துக்கொண்டு கேட்டேன். "எனக்குச் சரியாத்தான் கேக்குது தம்பி."

அந்தப் பக்கம் போன அரங்க மேனேஜரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மேனேஜருக்குப் பியானோவுக்கும் இரும்பு பீரோவுக்கும் பூட்டு எங்கே இருக்கிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். "நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். சகலை லேப்டாப்பை இழுத்தார், மெஷினில் அளந்து பார்த்துவிட.

"மெஷினைக் கேட்டாத்தான் தெரியும்னா, தங்கக் காது எதுக்குத் தம்பி?" என்றேன். விளையாட்டாகத்தான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, மெஷின் காட்டியதைப் பார்க்காமலே அளவைப் பதிவுசெய்துகொண்டு அடுத்த கட்டைக்குப் போனார். பத்தரைக்கு அவர் டீ குடிக்கப் போனபோது நான் கம்பியைச் சரிசெய்துவிட்டேன். பதினொன்றுக்கு வந்து அழுத்திப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு," என்றார்.

"அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு."

அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு பாடம் புகட்டியாயிற்று என்று விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அவர் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வழக்கத்துக்கு விரோதமாக, எந்த ஹாரனுக்கும் ஸ்வரத்தின் பெயர் சொல்லாமல் வந்தார். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் மாதத்தில் மூன்று செவ்வாய் செய்தேன். ஒரு செவ்வாயை விட்டுவிடுவேன். ஓயாமல் பொய் சொன்னால் சுவருக்கே சந்தேகம் வந்துவிடும். கட்டையை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு எவ்வளவு கவனமாக ஊர வேண்டியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு செவ்வாய், எல்லாவற்றையும் அப்பழுக்கில்லாமல் சேர்த்துவைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகச் சேர்த்ததில்லை. சகலை மேல் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தியதும், "தம்பி, இது கொஞ்சம் இறங்கியிருக்கு. கேக்குதா?" என்றேன்.

அவர் அழுத்தினார். காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகத்தில் வியர்வை. என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"ஆமா அண்ணா," என்றார். "கேக்குது."

அன்று டீயோடு நான் இரண்டு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

காது டாக்டரிடம் அவரை அழைத்துப் போனது நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் போகவில்லை. டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எல்லாச் சோதனையும் செய்தார். காதில் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல், மனசைத்தான் அலட்டிக்கொள்கிறீர்கள் என்றார். நல்ல டாக்டர். சரியாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் சகலை ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காதுல குறை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணா," என்றார். "மெஷின் மாட்டிக்கலாம்."

"லேப்டாப்ல அளந்ததை எடுத்துப் பாத்தியா?"

"இல்ல. பாத்தா தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. அளந்ததை அளந்தபடியே உள்ள போட்டுட்டேன்."

ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரு நாள் மனைவியின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடி அழுதாள். "மாமா, காலிங் பெல் அடிச்சா, நெஜமாவே அடிச்சுச்சான்னு என்னைக் கேக்குறாரு. நான் ஆமான்னு சொன்னாத்தான் கதவைத் திறக்குறாரு."

"கூடவே இரும்மா," என்றேன். "நானும் இருக்கேன்."

என் மனைவி அன்று நான் கேட்காமலே எனக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள். "நீங்க மட்டும் இல்லேன்னா அந்தக் குடும்பம் என்ன ஆகும்," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு மரியாதையைக் கேட்டு வெகு காலமாயிற்று.

எட்டு மாதம் முடிந்தது. கம்ப்யூட்டர் பியானோ தயாரானதும் முதல் தடவையாக மாமியார் வீட்டுக் கூடத்தில்தான் வாசித்துக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தா போய்விட்டது. அங்கங்கே ஒரு சின்ன அலைவு, ஒரு பெருமூச்சு, யாரோ ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல. "நெஜம் மாதிரியே இருக்கே," என்றார் மாமியார். நான் அலைந்த கட்டைகளில் என் மூன்றாவது கம்பிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தான் எழுதியதை முதன்முதலாக அச்சில் பார்க்கிறவனுக்கு இப்படித்தான் இருக்கும்போல.

அடுத்து உங்கள் கம்பெனி வைத்த அந்தத் திரைப் போட்டி. நீங்களும் வந்திருந்ததாகச் சொன்னீர்கள். மேடையில் திரை, திரைக்குப் பின்னால் ஒரு வாசிப்பாளர், ஒரு பக்கம் நிஜப் பியானோ, மறு பக்கம் கம்ப்யூட்டர். பத்துத் துண்டுகள். எது நிஜம், எது கம்ப்யூட்டர் என்று கேட்கிறவர்கள் சொல்ல வேண்டும். செய்தவரே முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சொல்லட்டும் என்பது உங்கள் முதலாளியின் யோசனை. என் யோசனை இல்லை.

நான் செய்தது என் வேலையை மட்டும்தான். அன்று காலை ஐந்து மணி நேரம் அந்தப் பியானோவிலேயே கிடந்தேன். ஒவ்வொரு சுத்தியலின் கம்பளியையும் ஊசியால் குத்திக் குத்தி ஒரே மாதிரி மெத்தென்று ஆக்கினேன். கம்பிகளை ஒரு பிசிறு இல்லாமல் சேர்த்தேன். அதன் குரலில் முப்பத்தோரு வருஷமாக இருந்த கரகரப்பு, முணுமுணுப்பு, பிடிவாதம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். அவருடைய பழைய கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவந்தேன். ஒரு டியூனர் தன் பியானோவைச் சுத்தமாக வைத்திருந்தார் என்று எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

சகலை மைக்கைப் பிடித்துக்கொண்டு பத்துத் துண்டுக்கும் பதில் சொன்னார். நிஜத்தைக் கம்ப்யூட்டர் என்றார். கம்ப்யூட்டரை நிஜம் என்றார். பத்தில் பத்தும் தவறு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காது கேட்காதவன் குருட்டாம்போக்கில் சொன்னால்கூட ஐந்தாவது சரியாக வந்திருக்கும். பத்தையும் தவறாகச் சொல்ல எவ்வளவு கூர்மையான காது வேண்டும். ஒரு துண்டில்கூட அவர் தடுமாறவில்லை. இரண்டையும் ஒவ்வொரு முறையும் பிரித்துத்தான் சொன்னார், பெயரைத்தான் மாற்றிவிட்டார். அந்த அரங்கத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். எனக்கு முழங்கால் வலி இருந்தது.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "செஞ்சவரையே ஏமாத்திடுச்சு," என்று மேடையில் சொன்னார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. சகலையும் தட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஃபைலிலேயே இருக்கும். சகலை கேட்கிற வேலையிலிருந்து தானாக விலகினார். வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாறினார். அங்கே காது வேண்டாம், கண் போதும். போகும்போது, தன் இடத்துக்கு ஒருவரைத்தான் நம்பலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் நான் உங்கள் கம்பெனிக்கு ஒலி ஆலோசகனாக வந்தேன். நல்ல நாற்காலி. முழங்காலுக்கு இதம்.

அரங்கத்தில் உங்கள் கம்ப்யூட்டர் பியானோவை வாங்கி வைத்தார்கள். பழையதை மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் பின் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். பியானோவைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பாருங்கள். எழுதும்போது நம்பித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தால் நன்றாக இல்லை.

அளந்த அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டர் தேதி, மணி போட்டு வைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அலைந்ததெல்லாம் மாதத்தில் மூன்று செவ்வாய் மட்டும், அலைந்த கட்டையிலும் மூன்றாவது கம்பி மட்டும், அதுவும் பத்தரை மணி வரைக்கும் மட்டும் என்று நேற்று தாளை விரித்துக் காட்டினீர்கள். வானிலைதான் காரணம் என்று நான் சொன்னதற்கு, "வானிலை டீக்கு அப்புறம் திருந்தாது சார்," என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டு பியானோவுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நேற்றுதான் எனக்குச் சரியான பதில் கிடைத்தது. நிஜப் பியானோ எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அது அதனுடைய பெருந்தன்மை.

ஆக, நான்தான் செய்தேன். கம்பியை இறக்கியதும் நான், ஏற்றியதும் நான். ஒரு மனுஷனுடைய காதை, அவர் தலையிலேயே வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டதும் நான். இதற்கு என்ன பிரிவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கெட்டது மட்டும்தான் நடந்தது என்று எழுதாதீர்கள். முன்பு சகலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைப் பார்ப்பார். இப்போது தினமும் வருகிறார். ஃபோனில் யாராவது பேசினால் ஸ்பீக்கரில் போட்டு, "கோவமா பேசுறாங்களா அண்ணா, சாதாரணமாவா?" என்று கேட்கிறார். பைக் இன்ஜினைக் கேட்கச் சொல்கிறார். போன வாரம் மனைவி சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்லிக்காட்டி, அது பிரியமாகச் சொன்னதா, சலிப்பாகச் சொன்னதா என்று கேட்டார். ஒரு குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

நாளை அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு நேராக என்னிடம் வந்து, அந்த மேடம் சொன்னது தனக்குச் சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று கேட்பார்.

நான் அவரிடம் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறேன்.